ஆளுக்கொரு காது

“ஒரே போன், ஒரே கதை. உனக்கு ஒண்ணும் உங்க அக்காளுக்கு வேற ஒண்ணும் எப்பிடிம்மா கேக்கும்?”

போலீஸ் ஸ்டேஷனில் மதுமதியிடம் எஸ்.ஐ. இப்படித்தான் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் கேட்டதுபோல இருந்தது. பதில் தெரிந்தால்தானே மதுமதி சொல்வதற்கு?

இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். நம்பாதவர்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கம் போய், ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவும் பெண்களிடம் விசாரித்துப் பார்க்கலாம். முழுவதும் சொல்வார்கள். சொல்லி முடிக்கும்வரை காதில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மதுமதி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனால் கொலைக்கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். புத்தகம் கிடைத்தால் புத்தகம். கிடைக்காவிட்டால், போனில் நாவல்களை வாசித்துக் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறதே, அது போதும். புதுசு புதுசாகக் கேட்டுத் தள்ளுவாள். யார் கொலைகாரன் என்று பாதியிலேயே கண்டுபிடித்தும் விடுவாள். ஆலையில் அவளுக்குப் பேரே கொலைகாரி.

“ஏம் புள்ள கொலைகாரி, இன்னைக்கு எத்தனை பேரைத் தீத்த?” என்று வாசலிலேயே கேட்பார் சூப்பர்வைசர் பொன்னன். மதுமதி சிரிப்பை முந்தானையில் மூடிக்கொண்டு ஓடிவிடுவாள்.

அந்தப் பொன்னன்தான் ஆலையில் ஒரு சட்டம் போட்டிருந்தார். போன வருசம், இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி தோல் சீவிக்கொண்டிருந்த ஒருத்திக்கு, பின்னால் வந்த கிழங்கு லாரியின் சத்தம் கேட்கவில்லை. கால் போய்விட்டது. அதிலிருந்து ஒரு காது திறந்துதான் இருக்க வேண்டும். மாட்டினால் ஒரு காதில் மட்டும். இன்னொன்றை என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு காதாக ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கதை கேட்பது அப்படித்தான் பழக்கமாயிற்று.

மதுமதியின் ஜோடி அவளுடைய அக்கா அன்புச்செல்வி.

அன்புச்செல்வி ஆடி மாதம் புருசன் வீட்டிலிருந்து வந்தவள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. புருசன் தமிழரசு மடக்கி ஒடித்தவை. அவன் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் ரிக் வண்டியில் வேலை செய்பவன். இரண்டு மூன்று மாதம் வடக்கே போய்விட்டு வருவான். வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிடுவான். பெல்ட், விறகு, கையில் எது கிடைக்கிறதோ அது. அவனுக்கு இவள் இரண்டாவது மனைவி. மூத்தவள் ஜோதி, அவன் வடக்கே போயிருந்தபோது எவனோடோ ஓடிவிட்டாள் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

“ஓடிப்போனவ மேல இருக்கற கோவத்தை இவ மேல காட்டறாப்ல. போகப் போகச் செரியாயிரும்” என்பது அப்பா சின்னண்ணனின் கணக்கு. சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். வரும் புதன்கிழமை தமிழரசு வந்து அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. இனிமேல் கை வைக்க மாட்டான் என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவன் மட்டும் சொல்லவில்லை.

அக்கா திரும்பிப் போனால் உயிரோடு வரமாட்டாள் என்று மதுமதிக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் கேட்டது ஒரு புதிய நாவல். சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடி. லிஃப்டுக்குள் ஒரு டாக்டர் செத்துக் கிடக்கிறார். வாசிப்பவர் ஆண். கனத்த குரல். வியாழக்கிழமை ஆரம்பித்தார்கள். மதியம் டீ குடிக்கும்போது அன்புச்செல்வி பெருமூச்சு விட்டாள்.

“பாவம், அந்தப் பொம்பள.”

“எந்தப் பொம்பளக்கா? செத்தது டாக்டரு.”

“காட்டுக்குச் சோறு கொண்டுபோனாளே, அவ.”

லிஃப்டு கதையில் காடு எங்கே வந்தது? அக்கா அசந்து தூங்கியிருப்பாள், கனவு கண்டிருப்பாள் என்று மதுமதி விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அன்புச்செல்வி இன்னொன்று சொன்னாள். “அந்தப் புள்ள நல்லாப் படிக்குது பாப்பா. நம்மூருப் பேச்சாட்டமே இருக்குது.”

மதுமதியின் கையில் கத்தி நின்றுவிட்டது. வாசிப்பவர் ஆண்.

காதில் இருந்ததைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள். அக்காவுடையதை வாங்கித் தன் காதில் வைத்தாள். அதே கனத்த குரல்தான். இன்ஸ்பெக்டர் லிஃப்டுக்குள் கைரேகை எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று இருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

அன்புச்செல்வி கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்ன கேக்குதுக்கா?”

“அந்தப் புள்ளதான்… சோத்துப் போசியைக் கீழ வெச்சுட்டாளாம்.”

மாட்டும் பொருளில் குற்றமில்லை. எதை மாட்டினாலும், அக்காவின் காதில் அவள்தான் பேசினாள்.

சனிக்கிழமை முழுக்க அன்புச்செல்வி காதில் இருந்ததைக் கழற்றவே இல்லை. கேட்பதற்கேற்ப உதடு அசைந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை, கிழங்குக் குவியலுக்குப் பின்னால் தங்கையை இழுத்துப்போய், கேட்டதையெல்லாம் சொன்னாள். கடகடவென்று, ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

அவன் தன் சொந்த விவசாயக் காட்டில் ஒரு போர் போட்டான். தண்ணீர் வரவில்லை. வெறும் கல்தூசிப் புகைதான் வந்தது. வண்டி போய்விட்டது. குழி அப்படியே கிடந்தது. மறுநாள் அவள் சோறு கொண்டுபோனாள். அவன் கேட்டான், யாருக்கு போன் பேசினாய் என்று. அம்மாவுக்கு என்றாள். அவன் நம்பவில்லை. பைப் முறுக்குகிற பெரிய ஸ்பேனரால் பின்மண்டையில் அடித்தான். ஒரே அடியில் சாகவில்லை. அவள் தவழ்ந்தாள். வரப்புவரை தவழ்ந்தாள். காலைப் பிடித்துத் திரும்ப இழுத்து வந்தான். மறுபடியும் அடித்தான். தாடை தனியாகக் கழன்றது. பிறகுதான் அவளைக் குழியில் போடலாம் என்று நினைத்தான்.

“போர்க் குழி ஒரு சாண் அகலங்கூட இல்லை பாப்பா. ஆளு எறங்காது.”

“அப்பறம்?”

“அரிவாளை எடுத்தான்.”

மதுமதி காதைப் பொத்திக்கொண்டாள். அக்கா நிறுத்தவில்லை. கை. முழங்கை. முழங்கால். எந்த மூட்டு எளிதாக விட்டது, எது விடவில்லை என்பதுவரை சொன்னாள். குழிக்கு இரும்பு மூடி போட்டு, அதன்மேல் மாட்டுக் கொட்டகைக்கு சிமெண்ட் தரையும் போட்டுவிட்டான்.

“அந்தத் தரையைத்தான் தெனமும் நான் கூட்டுனேன்” என்றாள் அன்புச்செல்வி.

கதையில் வந்த பெண்ணின் பேர் என்ன என்று மதுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னார்கள். சொன்னது மதுமதி. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவ்வளவு நேரம் பேசினாள். சின்னண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கொலைக்கதையாகக் கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லி, போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். போகப் பிடிக்காததற்கு இப்படியொரு கதையா என்று சிரித்தும்விட்டார். மறுநாள் காலையில், அவர் வெளியே போனதும் மதுமதி போனை எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை. சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்த தமிழரசு, உச்சி வெயிலில் நேராக ஆலைக்கே வந்துவிட்டான்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இயந்திரம் நின்றிருந்தது. காயப்போட்ட மாவு கண்ணைக் கூச வைத்தது. அக்காவும் தங்கையும் மட்டும் பால் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். அரைத்த கிழங்கின் பால் தெளிவதற்காக நிற்கிற பெரிய சிமெண்ட் தொட்டி அது. போனில் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு காது.

“எந்திரி. போலாம்” என்றான்.

“வரலை.”

“நாலு பேரு பேசி முடிச்சாச்சு. எந்திரி.”

அன்புச்செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“கொட்டகைத் தரைக்கு அடியில என்னங்க இருக்குது?”

அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் வந்தது.

முடியைச் சுருட்டிப் பிடித்தான். தரதரவென்று இழுத்தான். தொட்டியின் விளிம்பில் அவள் முகத்தை மோதினான். ணங்… மூக்கு உடைந்தது. மறுபடியும் மோதினான். பிறகு தலையைப் பாலுக்குள் அமுக்கினான்.

வெள்ளைப் பால் சிவந்தது.

மதுமதி கிழங்குக் கத்தியால் அவன் தோளில் குத்தினாள். கத்தி எலும்பில் இடித்து நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கையை வீசினான். அவளுடைய இரண்டு பற்கள் தரையில் விழுந்தன.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இரத்தம்தான் வந்தது.

அக்காவின் கால்கள் உதைத்தன.

உதைப்பு குறைந்தது.

குமிழி வந்தது… ஒன்று… இன்னொன்று…

நின்றுவிட்டது.

அப்போது கேட்டது.

தொட்டிக்குள்ளிருந்து. பாலுக்கு அடியிலிருந்து. ஒரு பெண்குரல்.

அக்காவின் குரல் இல்லை.

அழவில்லை. கத்தவில்லை. கதை படிப்பதுபோல… நிதானமாக…

இந்த முறை மதுமதிக்கும் கேட்டது.

தமிழரசுவுக்கும் கேட்டது.

அவன் கை தளர்ந்தது. பின்னால் போனான். தடுக்கி உட்கார்ந்தான். இரண்டு காதையும் பொத்தினான். பொத்தியும் கேட்டிருக்க வேண்டும். தலையைத் தரையில் இடித்தான். இடித்துக்கொண்டே இருந்தான். காதிலிருந்து இரத்தம் கோடாக இறங்கியது.

பிறகு பேச ஆரம்பித்தான்.

மதுமதி அக்காவைத் தூக்கி வெளியே போட்டு, முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். பாலும் இரத்தமுமாகக் கக்கிவிட்டு அன்புச்செல்வி மூச்சு இழுத்தாள். சத்தம் கேட்டுப் பொன்னனும் ஆட்களும் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் அவனை அடிக்கப் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்பேனர், வரப்பு, அரிவாள், மூடி, ஒன்று விடாமல். அவன் வாய்தான். அவனுடைய ஆண்குரல்தான். ஆனால் நான் அடித்தேன், நான் வெட்டினேன் என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை.

“என்னைய அடிச்சான்… நான் தவழ்ந்தேன்… என்ற காலைப் புடிச்சு இழுத்தான்… அம்மாகிட்டத்தான் பேசுனேன்னு சொன்னேன்… என்ற கையைத் தனியா எடுத்தான்…”

போலீஸ் வரும்வரை சொன்னான். ஜீப்பில் ஏற்றும்போதும் சொன்னான். அதோடு அவன் பேச்சு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை என்கிறார்கள்.

கொட்டகைத் தரையை உடைத்தார்கள். இரும்பு மூடி இருந்தது. தண்ணீர் ஊற்று பார்ப்பதற்காக போருக்குள் விடுகிற கேமராவைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஊரே திரண்டு நின்றது. திரையில் பாறை தெரிந்தது, பாறை, பாறை… அப்புறம் முடி தெரிந்தது. கேமராக்காரன் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தான். சின்னண்ணன் கடைசிவரை நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து பெரிய மகளின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

எஸ்.ஐ. அந்த நாவலை முழுசாகக் கேட்டார். லிஃப்டு, டாக்டர், இன்ஸ்பெக்டர். அதில் காடும் இல்லை, போரும் இல்லை.

ஜோதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள், திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கூட மகன் அருணகிரி. ஜோதியின் அம்மா ஆத்தாயி என்று அவன்தான் சொன்னான். அந்த அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. மூக்கில் கட்டோடு கட்டிலில் கிடந்த அன்புச்செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் காதைத் தொட்டுக் காட்டினார். ஒரு முறை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மதுமதி போனை எடுத்து, கதையை ஓடவிட்டு, ஒன்றை அந்த அம்மாளின் காதில் வைத்தாள். இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். கனத்த ஆண்குரல் லிஃப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. வேறெதுவும் இல்லை.

ஆத்தாயி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு தலையசைத்தார்.

“ம்” என்றார். சற்று நேரம் கழித்து, “ம்…” தொலைவிலிருந்து பேசும் மகளிடம் போனில் ஊர்க்கதை கேட்பதுபோல.

அருணகிரி மதுமதியை வாசல் பக்கம் கூப்பிட்டான்.

“ஏனுங்க… அதுல என்னங்க சத்தம் வருது?”

“கதைதாங்க.”

“எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க. முப்பது வருசம் தறிக்குடோன் சத்தத்துல இருந்து ரெண்டு காதும் போயிருச்சு. ஜோதி கடேசியாப் போன் பண்ணப்பக்கூட நாந்தான் பேசினேன். அம்மாவுக்குச் சைகையிலதான் சொன்னேன்.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆத்தாயியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. “ம்” என்றார் இன்னொரு முறை. காதில் இருந்ததை மெல்லக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். அன்புச்செல்வியின் உள்ளங்கையில் வைத்து, மடங்காத அந்த இரண்டு விரல்களையும் தடவிவிட்டார்.

எழுந்தார். மகனுக்காகக்கூட நிற்காமல் வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.