ஓரம் உடைந்த முறம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட என் விமானிச் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் முறம் தொங்குகிறது. ஒரு பக்கத்து ஓரம் நொறுங்கிப் போய், சணல் கயிற்றால் கட்டப்பட்ட பழைய முறம். வருகிறவர்கள் சான்றிதழைப் படித்துவிட்டு, எத்தனை வருடம் ஓட்டினீர்கள், பயமாக இருக்காதா என்றெல்லாம் கேட்பார்கள். முறத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. திருஷ்டிக்கு மாட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலும். அது அங்கே தொங்குவதில் என் மனைவிக்கும் சம்மதமில்லை. ஆனால் சான்றிதழைக் கழற்றினாலும் கழற்றுவேனே தவிர முறத்தைக் கழற்றுவதாக இல்லை.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு விமானப்படைக்கு மனுப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துப் பிள்ளை ஆகாயத்தில் பறக்கப் போகிறான் என்று, ஊரே மூன்று வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை ரயிலடிவரை வந்து மாலை போட்டு அனுப்பியது. அந்த மாலையின் கனம் வடக்கே பயிற்சி நிலையத்துக்குப் போன இரண்டாம் மாதம்தான் எனக்குத் தெரிந்தது. விமானத்தை மேலே கொண்டுபோவதில் எனக்குச் சிரமமே இல்லை. இறக்குவதுதான் வரவில்லை. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது, கால்களுக்கு நடுவே நிற்கும் கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்து விமானத்தின் முகப்பை நிமிர்த்த வேண்டும். நானோ மூன்று ஆள் உயரத்திலேயே பயந்துபோய் இழுத்துவிடுவேன். விமானம் வேகமிழந்து பொத்தென்று விழப் பார்க்கும். முன் இருக்கையிலிருந்த வெள்ளைக்காரப் பயிற்சியாளர் சமாளித்து இறக்குவார். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் தனியாகப் பறந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மலேரியா வேறு வந்து என்னைக் கிடத்தியது. குணமானதும் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்த பயிற்சியாளர், திரும்பி வந்ததும் ஒரே ஒரு பரிசோதனை, அதில் தவறினால் விமானிப் பயிற்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்.

இனிப் போவதில்லை என்ற முடிவோடுதான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். சமஸ்தானக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஆத்தா சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. மறுநாள் காலை என் மனைவி களத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என் சொந்த அத்தை மகள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, இனிப் போகப்போவதில்லை என்றேன்.

"ஒடம்பு ஒத்துக்கலையா, பயமா மச்சான்?" என்றாள், புடைப்பதை நிறுத்தாமல்.

நான் குனிந்து, களத்தில் சிந்திய வரகைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"பயம்னா பயம்னு சொல்லுங்க. காய்ச்ச மேல பழியப் போடாதீங்க. எந்த எடத்துல பயம் வருது?"

பயப்படாதே என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். எந்த இடத்தில் என்று கேட்டவள் அவள்தான். கோபம் வந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, முறத்திலிருந்த வரகை ஓலைப்பெட்டியில் கொட்டினாள். "இதுதான் ஒங்க ஏரோப்பிளேன்னு வச்சுக்கங்க" என்றாள்.

அன்றிலிருந்து களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதில் என்னை உட்கார வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே உலக்கை. அதுதான் கைப்பிடி. அவள் பக்கத்தில் நின்று முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துவாள். அது அவள் முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் நான் உலக்கையை இழுக்க வேண்டும். முந்திக்கொண்டால் முறத்தை அப்படியே கைவிட்டுவிடுவாள். அது தரையில் மோதும். "விழுந்துருச்சு. திரும்ப ஏறுங்க" என்பாள். திட்டமாட்டாள், தேற்றவும் மாட்டாள். வரப்பில் போனவர்கள், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் முறத்தைப் பிடித்தபடியே என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்ணு ஏன் கீழயே நிக்குது? நான் கொடத்தத் தலையில வச்சுக்கிட்டுக் காலைப் பாத்துக்கிட்டா வாரேன்? அப்படி வந்தா தண்ணி வீடு வந்து சேருமா? அங்கிட்டுத் தெரியுது பாருங்க முந்திரிக்காடு, அதப் பாருங்க." பார்த்தேன். முறம் ஓரக்கண்ணில் இறங்கியது. அது முழங்காலுக்கு வந்தபோது கை தானாகவே உலக்கையை இழுத்தது. அன்று முறம் மெத்தென்று தரையில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் பல தடவை விழுந்தேன். ஆனால் ஏன் விழுந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

புறப்படுகிற அன்று, "போர்க்காலமாச்சே, ஒனக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதுக்குத்தான் ஒழுங்கா எறங்கக் கத்துக்கிட்டுப் போங்கங்குறேன்" என்றாள். டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள்.

பரிசோதனையன்று விமானத் திடலின் கோடியில் ஒரு மரவரிசை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறக்கினேன். மூன்று முறையும் சக்கரம் பூப்போலத் தரையைத் தொட்டது. பயிற்சியாளர் கீழே குதித்து, இனி நீ தனியாகவே போகலாம் என்றார். விடுப்பில் என்ன செய்தாய் என்றும் கேட்டார். ஓய்வெடுத்தேன் என்றேன். கட்டிலையும் உலக்கையையும் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று வெட்கப்பட்டதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். பிறகு நான் ஓய்வுபெறும்வரை எத்தனையோ ஊர்களில், மழையிலும் மூடுபனியிலும் இறங்கியிருக்கிறேன். பாராட்டியவர்களும் உண்டு. ஆனால் விமானத்தையே கிட்டத்தில் பார்த்திராத ஒருத்தி என் பிழையைக் கண்டுபிடித்தாளே, அதில் உள்ள பெருமை எனக்கு வேறெதிலும் இல்லை.

போன மாதம் என் பழைய பறப்புப் பதிவேட்டை எடுத்தேன். நான் பறந்தது ஒவ்வொன்றும், கற்றுக்கொடுத்தவர் பெயரோடு அதில் இருக்கிறது. முதல் தனிப் பறப்புக்கு மேலே, ஓரத்து வெற்றிடத்தில் எழுதினேன்: இடம், எங்கள் களம். விமானம், முறம். பயிற்சியாளர் என்று போட்டு அவள் பெயரை எழுதினேன். அவளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள்.

"எத்தன தரம் விழுந்தீங்கன்னு எழுதலையே?"

"யார் எண்ணுனா?" என்றேன்.

அவள் சுவரிலிருந்த முறத்தின் நொறுங்கிய ஓரத்தைக் காட்டினாள்.