பிலோமினா டீச்சரின் கணினி வகுப்பு

வெலிமடையில் பதுளை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். "சேர், பிலோமினா டீச்சர் போயிட்டாங்க" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. முந்தின நாள் பிற்பகல் வரை வகுப்பெடுத்தவர். காலையில் நெஞ்சுவலி என்று வைத்தியசாலைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதுளையில் எங்கள் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில், கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்தவர் அவர். அடுத்த அறையில் கணிதம் கற்பிப்பவன் நான். தர்ஷினி அவரிடம் படித்த பூனாகலைத் தோட்டத்துப் பெண்; பிறவியிலேயே பார்வை இல்லாதவள்.

மறுநாள் டீச்சரின் வீட்டில் சவப்பெட்டியருகே தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீச்சர் எப்படி இருக்காங்க சேர்?"

"நிம்மதியாத் தூங்குற மாதிரி இருக்காங்கம்மா."

"அப்படி இல்ல சேர். பார்க்கிறதச் சொல்லுங்க."

சொன்னேன். நீலச் சேலை, வெள்ளைக் கரை. விரல்களில் ஜெபமாலை. தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்திகள். கண்ணாடி போடவில்லை.

"கண்ணாடி போடலையா?" என்றவள் அப்படியே உடைந்துபோனாள். "அது இல்லாம டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாதே."

"பார்க்கிறதச் சொல்லுங்க" என்பது டீச்சரின் வாசகம். அவரோடு வேலை செய்து, இன்று இந்தக் குறிப்பை வாசிக்கும் ஆசிரியர்கள் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு தவணை விடுமுறைக்குப் பிறகு தர்ஷினி விடுதிக்குத் திரும்பவில்லை. டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பூனாகலைக்குப் போனார். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் அவளுடைய அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "கண்ணு தெரியாத புள்ளைக்குக் கம்பியூட்டர் எதுக்குங்க டீச்சர்? டவுன்ல வுட்டுட்டு எங்களுக்குத் தூக்கம் இல்ல."

நான் அரசாங்கம், எதிர்காலம் என்று ஏதோ பேச வாயெடுத்தேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். "ஒங்க பயம் எனக்கு வெளங்குதுங்க" என்றார் அவர். "அவகிட்ட கேட்டீங்களா?"

தேநீர் கொண்டுவந்த அம்மாதான் பதில் சொன்னார்: "காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டு வேலைக்குப் போனா, கொழுந்த எடை போட்டுட்டு நாங்க வர்ற வரைக்கும் இவ சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கா. கூட்டிட்டுப் போங்க டீச்சர்."

கற்பிப்பதற்கு அவரிடம் பெரிய வசதிகள் இருக்கவில்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் தமிழ், அவர் சொல்வதுபோல, "தடுமல் புடிச்சு மூக்கடைச்ச தமிழ்". கணினிக்கு எழுதும் செய்நிரலில், ஒரே கட்டளை திரும்பத் திரும்ப நடக்கும் மீள்செயலுக்குள் இன்னொரு மீள்செயல் வரும் பாடம் தர்ஷினிக்குப் பிடிபடாமல் போன நாளில், கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "சின்ன மணி பத்து உருட்டு. பொறகு பெரிய மணி ஒண்ணு. திரும்பவும் சின்ன மணிக்குப் போ. இப்படி அஞ்சு தடவ." தர்ஷினி கோயிலில் விபூதி பூசி வந்த பிள்ளை. உருட்டி முடித்துவிட்டு, "உள்ளுக்க ஒண்ணு சுத்துது, வெளிய ஒண்ணு சுத்துது டீச்சர்" என்றாள். டீச்சர் அன்று ஆசிரியர் அறைக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் அவள் கணினிப் பாடத்தில் சித்தியடையவில்லை. வினாத்தாளில், ஒரு வேலையின் படிகளைக் கட்டங்களாலும் அம்புகளாலும் காட்டும் பாய்ச்சற்கோட்டுப்படம் ஒன்று வந்தது. வாசித்துக்காட்ட வந்தவர் "இங்க ஒரு படம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டாராம். அழுதுகொண்டிருந்தவளிடம் டீச்சர், "நீ தோக்கல. ஒனக்குக் கேள்வியே வந்து சேரல" என்றார்.

படங்களைச் சொற்களால் விவரித்துச் சொல்ல அனுமதி கேட்டு அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. அனுமதி கிடைத்ததும், பரீட்சையில் வாசித்துக்காட்டப் பழக்குவதற்கு ஆசிரியர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார். இருவர் இருவராக முதுகு காட்டி உட்காரவேண்டும். ஒருவர் படத்தை விவரிக்க, மற்றவர் அதைக் கேட்டே வரையவேண்டும். "இது லேசான படம்தான்" என்று நான் ஆரம்பித்தேன்.

"லேசா கஷ்டமான்னு யாரு சேர் கேட்டா? பார்க்கிறதச் சொல்லுங்க. மேல என்ன இருக்கு? அதுலருந்து அம்பு எந்தப் பக்கம் போகுது?"

எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். அடுத்த முறை தர்ஷினி சித்தியடைந்தாள். இன்று பண்டாரவளையில் ஓர் அலுவலகத்தில், திரையைக் காதால் வாசித்து வேலை செய்கிறாள். தன் முதல் விடுமுறையை டீச்சரின் அடக்கத்துக்கு எடுத்தாள்.

அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. பிள்ளைகள் பழகியதை மறந்துவிடக்கூடாதே என்று, எனக்குப் பாடமில்லாத வேளைகளில் கணினி அறையைத் திறந்துவிடுகிறேன். கற்பிக்க எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும்தான். "பேரச் சொல்லிட்டு உள்ள வாங்க சேர். ஒங்க செருப்புச் சத்தத்த வச்சு புள்ளைங்க கண்டுபுடிக்கணுமா?" என்று முன்பு ஒருமுறை கடிந்துகொண்டார். அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும், என் வீட்டில்கூட, பெயரைச் சொல்லிக்கொண்டுதான் நுழைகிறேன்.

அடக்கம் முடிந்து பாடசாலை தொடங்கிய நாளிலும் கணினி அறைக்குள் அப்படித்தான் நுழைந்தேன். "நான் சந்திரசேகரன் வந்திருக்கேன்." பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகும், இன்னும் ஒரு குரல் பாக்கி என்பதுபோல, நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.