லிஃப்ட்டுக்கு நான் கட்டிய காப்பு

என் மகன் தினமும் வண்டிக்கு அடியில் நிற்கிறான். அந்த நினைப்பே என்னைப் பாதி ஆளாக்கிவிட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பிரியும் சாலையில் அவன் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் தணிகைவேல். பழசாக வாங்கிப் போட்ட லிஃப்ட் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு இரும்புத் தூண்கள், தூணுக்கு இரண்டாக நான்கு கைகள். அந்தக் கைகள் வண்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இவன் கீழே நின்று வேலை செய்வான்.

போன ஆடியில் வேறொரு பட்டறையில் ஒரு கார் லிஃப்ட்டிலிருந்து சரிந்தது. அடியில் இருந்தவருக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கார் சரியும். அடியில் கிடப்பவன் முகம் என் மகன் முகமாக இருக்கும்.

நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருப்புக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். கோயிலுக்குப் போனால் விளக்குகளை எண்ணிவிட்டுத்தான் கும்பிடுவேன். பட்டறையில் உட்கார்ந்து நான் எண்ணியது லாக் விழுகிற சத்தத்தை. லிஃப்ட் ஏற ஏற, ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஓர் இரும்பு லாக் பல்பல்லாக ஏறி விழும். எண்ணெய் அழுத்தம் போய்விட்டாலும் வண்டியைக் கீழே விடாமல் பிடிப்பது அந்த லாக்தான். இரண்டு தூணிலும் ஒரே நொடியில் விழாது. அதனால் 'டடக், டடக்' என்று இரட்டையாகக் கேட்கும். மேலே போய்ச் சேர்வதற்குள் ஒன்பது.

ஒருநாள் எட்டுதான் கேட்டது. "தணிகை, வெளியே வா!" என்று கத்திவிட்டேன். வேலைக்குத் தோதாக அவனேதான் ஒரு பல் கீழே நிறுத்தியிருந்தான். வந்திருந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். இன்னொரு நாளும் அப்படியே கத்தினேன். அன்றும் ஒன்றுமில்லை.

"நைனா, உன் கால்ல உழுறேன். ஊட்ல குந்து. இங்க வந்து பேஜாரு பண்ணாத" என்றான். என்னை அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான். அன்று அந்த வார்த்தையில் பாசம் இல்லை.

அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நான் போகாவிட்டால் யார் எண்ணுவார்கள்? எங்கள் பொன்னியம்மன் முன்னால் போய் அழுதேன். "தாயே, அவன் தலைக்கு மேலே நிற்பதை நீ பிடித்துக்கொள். என்னால் முடியவில்லை." இதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பூசாரி மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் என்னை வரவேண்டாம் என்று அவனால் சொல்ல முடியாது. பட்டறையைக் கழுவி, தூண்களுக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, ஸ்பேனர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்தோம். காப்பை எங்கே கட்டுவது என்று தேடினேன். தூண் பருமன், கயிறு எட்டவில்லை. உள்பக்கத் தூணை ஒட்டி மெல்லிய கம்பி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதையும் தூணில் இருந்த வளையத்தையும் சேர்த்து இழுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். அவிழக்கூடாது என்று மூன்று முடிச்சுப் போட்டேன். நடுவில் எலுமிச்சம்பழம். மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் முதல் வேலை என்று தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று வந்தது. ஓட்டுநர் நாகராஜு, ஊத்துக்கோட்டைக்காரர். வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தணிகை, சீக்கிரம் உடுப்பா. ஷிப்ட்டு உடுறதுக்குள்ள நான் கேட்ல நிக்கணும். இல்லனா அந்த சூப்பர்வைசரு என்னியே மேல தூக்கி மாட்டிடுவான்."

"தோ, அஞ்சே நிமிசம்ணே."

நல்ல நாளில் போ என்று சொல்ல மனம் வராமல் தணிகை போட்டுத் தந்த வாசல் நாற்காலியில், நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். எண்ணுவதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் லிஃப்ட் ஏறியபோது காது தானாக எண்ணியது.

டக். டக். டக்.

எண்ணிக்கை ஒன்பது சரியாக இருந்தது. ஆனால் இரட்டைச் சத்தம் இல்லை. ஒற்றையாக விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். வேன் மேலே நின்றது. தணிகை அதற்கு அடியில் போய்விட்டான்.

கிழட்டுக் காதாயிற்றே, தப்பாகக் கேட்டிருக்குமோ? இரண்டு முறை பொய்யாகக் கத்தியவன் நான். மூன்றாவது முறை கத்தினால் இனி இந்த வாசலையும் மிதிக்க முடியாது. "தாயே, என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். பதிலாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"தணிகை, ஒரு பக்கம்தான் லாக்கு உழுந்துது. வெளிய வா."

"இன்னா நைனா, திரும்ப ஆரம்பிச்சிட்டியா?" அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நாகராஜு சிரித்தார். "லாக்க எண்ணி இன்னா பண்ணப் போற பெருசு? டப்பு இருந்தா எண்ணு. இல்லனா நம்ம வேன்ல சீட்டு எத்தினி, அத எண்ணு."

"வாடா வெளிய!"

"நீ போ நைனா, மானத்த வாங்காத!"

இதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த லிஃப்ட்டில் ஒரு சைக்கிளை ஏற்றினால்கூட அடியில் போகாதவன் நான். லிஃப்ட்டைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், வண்டி மேலே நிற்கும்போது என் செருப்பு பட்டதே இல்லை. அன்று நேராக நடந்து போய், வேனுக்கு அடியில், என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"நீ வராத வரைக்கும் நானும் இங்கயேதான் நிப்பேன்."

அவன் முகம் மாறியது. அது கோபமா பயமா தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். என் முழங்கையைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? வா இப்டி" என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான்.

பின்னால் வெடிபோல ஒரு சத்தம். எண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டது. வாசல் பக்கத் தூண் வண்டியைப் பிடித்துக்கொண்டது. உள்பக்கத் தூண் விட்டுவிட்டது. வேன் ஒருபக்கமாகச் சாய்ந்து, கைகளிலிருந்து நழுவி, அவன் நின்ற இடத்தில் விழுந்தது. கீழே போட்ட ஸ்பேனர் வண்டிக்கு அடியில் போய்விட்டது.

நாகராஜு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, தாயே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தணிகை என் முழங்கையை இன்னும் விடவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு அவன் உள்பக்கத் தூணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நான் காப்புக் கட்டிய மெல்லிய கம்பிதான் லாக்கை விடுவிக்கும் கம்பி. வண்டியை இறக்கும்போது அதை இழுத்தால்தான் லாக் பின்வாங்கும். அதைத்தான் நான் இழுத்துச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்து லாக் ஒரு பல்லில்கூட விழவில்லை. எலுமிச்சம்பழம் வாடாமல் அங்கேயே இருந்தது.

அவனைக் காக்கக் கட்டிய கயிறே அவனைக் கொல்லப் பார்த்ததா? "நான்தான்டா கட்டினேன்" என்றேன்.

தணிகை பிளேடால் முடிச்சை அறுத்தான். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு என் வலது கையை இழுத்து மணிக்கட்டில் சுற்றினான்.

"எனக்குக் காப்பு நீதான நைனா. லிஃப்ட்டுக்கு எதுக்குக் கட்டின?"

அழுதுவிட்டேன். பட்டறை என்றும் பார்க்கவில்லை, நாகராஜு இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே பொன்னியம்மன் சன்னதிக்குப் போனோம். என் அறியாமையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியதாகத் தோன்றவில்லை. அவன் தலைக்கு மேலே நிற்பதைப் பிடிக்கச் சொன்னேன். அவளோ அவன் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் முடிச்சுப் போட்ட இடம் தவறு; அவள் காப்பாற்றியது தவறவில்லை. கயிற்றில் இல்லாத காவலை என் காதிலும் நடுங்குகிற இந்தக் காலிலும் வைத்திருந்தாள். பயந்தாங்கொள்ளியைக் கொண்டும் அவள் வேலை வாங்குவாள்.

குழாய், லாக், கம்பி எல்லாவற்றையும் லிஃப்ட் மெக்கானிக்கை அழைத்துப் புதிதாகப் போட்டோம். ஏறிய வண்டியை மெதுவாக இறக்கி, இரண்டு லாக்கிலும் உட்காரவைத்துப் பார்க்காமல் இப்போது தணிகை அடியில் போவதில்லை. எனக்குச் சோறு இறங்குகிறது. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை.

அன்பர்களே, ஆபத்தான வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு விழித்திருக்கும் பெற்றோரே, அவளிடம் சொல்லுங்கள். கேட்பாள். ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வையுங்கள். அசைகிற இடத்தில் மாலையோ கயிறோ கட்டாதீர்கள். மனசில் ஒரு பதற்றம் எழுந்தால், நாலு பேர் சிரிப்பார்கள் என்று அடக்காதீர்கள். அவள் பதில் அந்தப் பதற்றமாகவே வந்திருக்கலாம்.

வாசல் நாற்காலியை இப்போது மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். வண்டி மேலே போய் நின்றதும், அடியில் போகாமல் என் பக்கம் திரும்புவான்.

"நைனா, எத்தினி?"

"ஒம்போது. ரெண்டு பக்கமும்."

அதற்குப் பிறகுதான் கோட்டைத் தாண்டுவான்.