கரும்பில் வந்த வீட்டு மணம்

மருதமுனை அச்சிமுகம்மது கிழமை முழுக்கக் கல்லோயாப் பக்கத்துக் கரும்புத் தோட்டமொன்றில் கிடப்பார். வியாழன் பின்னேரந்தான் வீடு. ஐம்பத்தெட்டாம் ஆண்டு அது. விதைக் கரும்பைப் பிளந்து பார்த்து, செவ்வழுகல் நோய் பிடித்ததை ஒதுக்குவது அவர் வேலை.

"சிவப்பு வேற காரணத்தாலயும் வரும். கள்ளு மணந்தா நோய்தான்" என்று சொல்லியிருந்தார் அங்கே நோய் ஆராயும் செல்லத்துரை ஐயா.

கள்ளின் மணம் அச்சிமுகம்மதுக்கு எங்கே தெரியும்? கேட்கவும் கூச்சம். பிளந்த கரும்பில், மனைவி முனவ்வறா தறியில் பாவு நூலுக்குப் போடும் புளித்த கஞ்சிதான் மணத்தது. இடுப்பில் கட்டியிருந்த, அவள் நெய்த சாரன்தான் மணக்கிறதென்று கண்ணை மூடிச் சொக்கி நின்றார். அவர் ஒதுக்காமல் விட்ட நோய்க் கரும்பெல்லாம் நடுகைக்குப் போனது.

சாரனைத் துவைத்துப் போட்டுக் காலில் களிசான் மாட்டி வந்த நாளிலும் அதே மணம். செல்லத்துரை ஐயாவிடம் ஓடினார்.

"ஐயா, ஊட்டுக் கஞ்சி மணந்தாலும் நோய்தானா?"

"ஓம். ரெண்டும் புளிச்ச மணந்தானே! முந்தியே கேட்டிருக்கலாமே!"

ஐயா கண்ணாடித் தட்டொன்றைக் காட்டினார். நோய்ப் பூஞ்சணத்தின் மேல் வேறொரு பூஞ்சணம், நாவிதன்வெளி வயல் பச்சை பிடிப்பதுபோலப் படர்ந்து, அதைத் தின்றுகொண்டிருந்தது. அந்தப் பச்சையைக் கரைத்த தண்ணீரில் புதுக் கரும்புத் துண்டங்களை ஊறவைத்து நட்டார்கள்.

அடுத்த வெட்டில், பிளந்த கரும்பெல்லாம் வெள்ளை. முகர்ந்தார், வெறும் இனிப்பு. இன்னொன்றைப் பிளந்தார். அதிலும் வீடு இல்லை.

அன்று செவ்வாய்தான். அச்சிமுகம்மது கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, ஊர்ப்பக்கம் போகும் கல்முனை பஸ்ஸுக்கு நடந்தார்.