கச்சான் அடித்த மதியம்

அண்ணன் பிரெஞ்சுக் கடற்படையில் சமையல்கட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் அவருக்குக் கடல் முழுக்கத் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அங்கிருந்து வருடத்துக்கு மூன்று வாரம் வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, வருவார்.

ரெட்டியார்பாளையம் வீட்டில் அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். அது என் வேலை. கோயம்புத்தூரில் என் மகளுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. என்னால் அழைத்துவர முடியவில்லை. வலி எடுக்கும்போதாவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் திரும்பிப் போகும் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் வீட்டில் நான் வாயைத் திறந்தாலே போனோடு மாடிக்குப் போய்விடுவார். அதனால்தான், பாய்மரப் படகில் போகலாம் வா என்று அவர் கூப்பிட்டபோது சரி என்றேன். படகில் மாடி கிடையாது.

பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவிடம் உட்காரவைத்தேன். ஐந்து மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

குருசுக்குப்பத்தில் அண்ணனின் சிநேகிதர் படகு நின்றது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிராமலே, "கச்சான் பலமா அடிக்குது சார், இன்னிக்கு வாணாம்" என்றார். கச்சான் என்றால் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று.

"அலையே இல்லியே, என்ன பயம்? ரெண்டு மணிக்குக் கடல்காத்து வந்துடும், அதுவே நம்மள கரைக்குக் கொண்டாந்து வுட்டுடும். நான் பொறந்த ஊருங்க இது" என்றார் அண்ணன்.

பிறந்த ஊர்தான். கடல்காற்று தவறாமல் வருவது சித்திரை வைகாசியில். இது ஆனி. ஆனியில் மேல்காற்று, அதாவது இந்தக் கச்சான், பிடித்துவிட்டால் சில நாள் கடல்காற்று எட்டிக்கூடப் பார்க்காது. கரையோரம் அலை அடங்கிக் கிடப்பதும் காற்று கரையிலிருந்து அடிப்பதால்தான். பெரிய இவள் போல எழுதுகிறேன். அன்று எனக்கும் தெரியாது.

காற்று எங்களை அள்ளிக்கொண்டு போனது. "அண்ணா, ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்" என்றேன். "ஸ்பீட பாரு, போட்டோ எடு" என்றார். எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் ஊர் ஒரு கோடாகிவிட்டது. அலை எழும்பி மடியில் கொட்டியது. திரும்பலாம் என்று அவர் பாயை இழுத்துக் கட்டியதும் அது மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. கடல்காற்று வரவில்லை.

அண்ணன் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரைக்குப் போனா நான் இருக்கேன். அப்பாவ நான் பாத்துக்கறேன், நீ பொண்ணுகிட்ட போ. மாதா மேல சத்தியம்" என்றார். சாகக் கிடந்த அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம்தான், ஆனாலும் உண்மை.

எங்கள் பாய் கண்ணில் படவில்லை என்று அந்த வலைக்காரர்தான் ஃபைபர் படகில் தேடி வந்தார். திட்டவில்லை. கயிற்றைக் கட்டி இழுத்தார். வீடு சேர ஏழரை. அக்கா ஐந்தரை வரை காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். அப்பாவைத் தனியாகத் திருப்ப அவருக்குப் பயம். மத்தியானம் நான் படுக்கவைத்த அதே பக்கத்திலேயே கிடந்தார் அப்பா. முதுகில் தோல் உரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் அண்ணன் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போனார். தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். நான் அப்பாவுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

"சத்தியத்துக்கு மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டு, மெழுகுவர்த்தி ஏத்திட்டேம்மா. இப்பதான் மனசு லேசா இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினார். படகில் நான் எடுத்த போட்டோவை உறவுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். கிழியாத பாய்க்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பாவின் புண் ஆறுவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். போனில் பார்த்தேன்.