பிடித்து விடுகிற வேலை

சத்தியமங்கலத்துக்குத் தெற்கே, பவானி வாய்க்கால் பாய்கிற ஊர் ஒன்றில் மஞ்சளும் கரும்பும் வைக்கிற குடும்பம் மனோஜ்குமாருடையது. அப்பா அவனுடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா தெய்வாத்தாள் தோட்டத்து வேலையையும் பார்த்துக்கொண்டு அவனை இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தாள். படித்து முடித்து, கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பம்ப் உதிரிப் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்குப் போனான். அது அவனுக்கு ஒட்டவில்லை. ஒரு லீவுக்குக் கர்நாடகப் பக்கம் காவிரிக் கரையிலிருந்த மீன்பிடி முகாமுக்கு நண்பர்களோடு போனவன், நண்பர்கள் திரும்பிய பிறகும் அங்கேயே இருந்துகொண்டான். பின்னால் அந்த முகாமை மூட வேண்டி வந்தது. முதலாளி அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு மூலையில், மழைக்காட்டுக்குள் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். மனோஜ் கூடவே போனான்.

ஜீப் போகிற பாதை முடிந்த பிறகு நடக்க வேண்டும். அதற்கப்புறம் காற்றடித்த ரப்பர் படகு. அண்ணாந்தால் மரங்களின் நுனி தெரியாது, குனிந்தால் காலில் அட்டை. அந்த ஆற்றில்தான் மாசீர் என்கிற பெரிய மீன் இருந்தது. நன்றாக வளர்ந்ததைத் தூக்கி நிறுத்தினால் ஒரு ஆளின் நெஞ்சு வரைக்கும் வரும். செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஓரத்தில் பொன்னிறம். புழுவோ மாவோ வைத்து அதைப் பிடிப்பதில்லை. இறகும் நூலும் கட்டிச் சின்ன மீன் மாதிரி செய்த ஒரு பொய் இரையை, தூண்டில் கோலின் நீளக் கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, நீரில் இறக்க வேண்டும். பிடித்ததை உடனே ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாமின் சட்டம். பெரிய ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு வீசக் கற்றுக்கொடுத்து, மீன் நிற்கிற இடம் காட்டி, மாட்டியதைக் கரை சேர்க்கிற வழிகாட்டிதான் மனோஜ். மழைக்காலத்தில் மட்டும் ஊருக்கு வருவான்.

சாய்சரண் அங்கே வந்தது மூன்று சீசனுக்கு முன்னால். கோயமுத்தூர் மில் குடும்பத்துப் பிள்ளை. வந்த முதல் நாளே மனோஜின் பேச்சைக் கேட்டு, “அட, நம்மூரா!” என்று தோளில் கை போட்டான். வீசத்தான் வரவில்லை. கயிறு அவன் தொப்பியிலேயே மாட்டியது. மனோஜ் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பழக்கினான். கடைசி நாள், தெளிந்த ஓடை ஒன்று வந்து ஆற்றில் கலக்கிற இடத்தில், மீன் இரையை எடுத்தது.

எடுத்த வேகத்தில் கீழே பாறைகளுக்குள் ஓடியது. கயிறு எங்கோ அடியில் சிக்கிக்கொண்டது. “முடியலடா, கை போகுது, நீயே புடி” என்று சாய்சரண் கோலை நீட்டினான்.

“நீங்களே புடிங்க சார். விட்டுப்போடாதீங்க, இளக்கமா வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டு மனோஜ் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினான். நீர் அவனைப் பாறையில் மோதியது. கயிற்றை விடுவித்துவிட்டுக் கரையேறும்போது முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்தது. பிறகு வலையில் மீனைத் தாங்கியதும் அவன்தான். படம் எடுத்ததும் அவன்தான். மீன் நீந்திப் போன பிறகு சாய்சரண் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

“நீ என்ற தம்பிடா. கோயமுத்தூர்ல உனக்கு என்ன வேணும்னாலும் என்னைக் கேளு.”

மனோஜ் அதை நம்பினான். வருஷா வருஷம் சாய்சரண் வந்தான், ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னான்.

ஊரில் தெய்வாத்தாளுக்கு வேறு கவலை. அவர்கள் சனத்தில் பெண் கிடைப்பதே பெரும்பாடு. வயது முப்பதைத் தாண்டிய பையனுக்கு இன்னும் கஷ்டம். வந்த ஒன்றிரண்டு ஜாதகமும் வேலையைக் கேட்டதும் திரும்பிப் போயின. “தோட்டம் வெச்சிருக்கற ஊட்டுப் பையன் மீன் புடிக்கப் போறதாவது? அதையும் புடிச்சு மறுக்கா ஆத்துல உடறானாமா” என்று ஒரு வீட்டில் சிரித்தே அனுப்பினார்கள். தெய்வாத்தாள் அடுத்த பஸ் ஏறினாள்.

அப்போதுதான் சோமனூரிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. பெண் லோகப்பிரியா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. அப்பா பொங்கியண்ணன் விசைத்தறி ஓட்டுகிறவர். பெண் பார்க்கப் போன அன்று அவள் மனோஜிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அத்தனை பாடுபட்டுப் புடிச்சதை உடறப்போ மனசுக்கு ஒரு மாதிரி இருக்காதுங்களா?”

“உடறதுக்கு முன்னால தண்ணிக்குள்ள கையில புடிச்சிட்டு நிப்பனுங்க. அதுக்கு மூச்சுத் திரும்பற வரைக்கும். அப்புறம் அதுவே வாலை அடிச்சிட்டுப் போயிரும். அந்த நேரத்துக்காகத்தானுங்க இந்த வேலையில இருக்கறேன்.”

இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. அவளுக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. நம்பர் வாங்கிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பேசினாள்.

பொங்கியண்ணனுக்குத்தான் அரை மனது. “பையன் தங்கமாத்தான் தெரியறான். வேலைதான் என்னன்னே வெளங்கலீங்க. தெரிஞ்ச பெரிய மனுசங்க யாராவது சொன்னாத் தேவலை” என்றார். மனோஜ் உடனே சாய்சரண் பெயரைச் சொன்னான். பொங்கியண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அவர் தறிக்கு நூல் வருவதே அந்த மில்லிலிருந்துதான்.

அவர் மில்லுக்குப் போன அன்று சாய்சரண் அறையில் கிளப் நண்பர்கள் இருந்தார்கள். சுவரில் அந்த முதல் மீனின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. யார் துணையும் இல்லாமல், தனியாகக் காட்டுக்குள் போய்ப் பிடித்ததாகத்தான் அவன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். பொங்கியண்ணன் அவர்கள் முன்னாலேயே விஷயத்தைக் கேட்டுவிட்டார்.

“உங்களுக்கு மீன் புடிக்கச் சொல்லிக் குடுத்த பையனாமுங்க. மனோஜ்குமாருன்னு...”

சாய்சரண் நண்பர்களைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“சொல்லிக் குடுத்தானா? எனக்கா? ஓ, அந்தக் கேம்ப்ல இருக்கற பையனா! சாமான் தூக்குவானுங்க, படகு தள்ளுவான், பாத்திரம் கழுவுவான். நல்ல பையன்தான், ஒண்ணும் தப்பில்ல. ஆனா உங்க பொண்ணு படிச்ச பொண்ணில்லீங்களா?”

அவ்வளவுதான் சொன்னான். அடுத்த நிமிஷம் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் லோகப்பிரியா பேசினாள். குரல் அடங்கியிருந்தது. “அப்பா வந்து ஒரே சத்தம் போடறாங்க. நீங்க பொய் சொல்லிட்டீங்கன்னு. நான் நம்பலை. நீங்களும் அவரும் சேந்து நிக்கற போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க, காட்டறேன்.”

மனோஜ் போனில் இருந்த படங்களையெல்லாம் தேடினான். சாய்சரண் மீனோடு, சாய்சரண் கோலோடு, சாய்சரண் படகில். அநேகமாக எல்லாமே அவன் எடுத்தவை. முகாமில் வேறு யாரோ எடுத்த ஒரே ஒரு படத்தில் ஓரமாக, மீனின் வாலைத் தாங்கி இரண்டு கைகள் தெரிந்தன. அதை அனுப்பினான். “இது என் கைதானுங்க” என்று எழுதினான்.

அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. மறுநாள் வந்தது: “கையைக் காட்டி அப்பாகிட்ட என்னங்க சொல்றது? நான் சண்டை போட்டுப் பாத்துட்டேன். மன்னிச்சிருங்க.” சாய்சரணுக்கு மனோஜ் எத்தனையோ முறை கூப்பிட்டான். அவன் எடுக்கவேயில்லை.

மழை விட்டதும் மனோஜ் மறுபடி காட்டுக்குப் போனான். பனிக்காலம் தொடங்கும்போது சாய்சரண் வந்து இறங்கினான், எப்போதும் போலக் கட்டிக்கொள்ளக் கைகளை விரித்துக்கொண்டு. படகில் இருவரும் தனியாக இருந்தபோது மனோஜ் கேட்டான்.

“பொங்கியண்ணன்கிட்ட ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

“எந்தப் பொங்கியண்ணன்?” யோசித்தான். “ஓ, அந்தத் தறிக்காரரா? அட, பிரெண்ட்ஸ் இருந்தாங்கடா, ஏதோ விளையாட்டுக்குச் சொல்லிட்டேன். நின்னு போச்சா? சொல்லக் கூடாதா நீ? இப்பவே வேணா அவர்கிட்டப் பேசறேன்.”

“அந்தப் பொண்ணுக்குப் போன மாசம் கல்யாணம் ஆயிருச்சுங்க.”

“அடக் கடவுளே.” சாய்சரண் தண்ணீரைப் பார்த்தான். உண்மையாகவே வருத்தப்பட்டது போலத்தான் தெரிந்தது. பிறகு கையை நீட்டினான். “அந்தப் பாறைக்குப் பின்னால மீன் நிக்குமா?”

நின்றது. மனோஜுக்கு அது தெரியும். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. “இடது பக்கம் வீசுங்க” என்றான். அன்றும் பெரிய மீன். அதைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த நேரத்தில் எப்போதும் மனதுக்குள் வந்து படிகிற அமைதி அன்று வரவில்லை என்பதை உணர்ந்தான். மேலே சாய்சரண், “சீக்கிரம், வெளிச்சம் போகுது, இன்னொரு படம்” என்று அவசரப்படுத்தினான். மீன் வாலை அடித்துக்கொண்டு போனது. மனோஜ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலையை அலசினான்.

அந்த சீசனோடு சரி. முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஊருக்கு வந்து, கோபியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சேர்ந்தான். தெய்வாத்தாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் செலுத்தினாள். பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கையில் பெண்ணின் மாமா கேட்டார்.

“தம்பி முன்னால வடக்க எங்கயோ காட்டுக்குள்ள இருந்தீங்களாமா? அங்க ஆளுசரத்துக்கு மீனெல்லாம் இருக்குமுன்னு டிவில காட்டினான். பாத்திருக்கீங்களா?”

தெய்வாத்தாள் மகனைப் பார்த்தாள்.

“இல்லீங்க, நான் ஆபீஸ்லதானுங்க இருந்தேன்” என்றான் மனோஜ்குமார். “ஆத்துப் பக்கமே போனதில்லீங்க.”

மாமா தலையை ஆட்டிவிட்டு, டிராக்டர்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.