வண்டி வராத முப்பத்தெட்டு கிலோமீட்டர்

பிரான்ஸில் வெர்னியாக் என்ற மலையூரில் யாரிடம் ஊகெத் மர்சோதோனைப் பற்றிக் கேட்டாலும் முதலில் ஆட்டுக் கதையைத்தான் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஒரு ஏப்ரல் முதல் தேதியன்று பின்சீட்டு வாலுகள் நாலு பேர் ஒரு வெள்ளாட்டுக்குக் கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். ஊகெத் கண்ணாடியில் பார்த்தாள், பஸ்ஸை ஓட்டினாள். பள்ளிக்கூட வாசலில் கதவைத் திறந்து, "இறங்கு தம்பி, மணி அடிச்சாச்சு" என்று ஆட்டிடம் மட்டும் சொன்னாள். சாயங்காலம் ஆட்டை ஏற்ற மறுத்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு ஆடுதான் கணக்காம். நாலு பேரும் ஆட்டை இழுத்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர் நடந்தார்கள். மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்ட பஸ் திரும்பி வந்து, அவர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பையன் வீட்டுக் கதவு சாத்தும்வரை ஊர்ந்தது.

அத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அவள் மிதித்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் கண் டாக்டர் கையை விரித்தார். நேர்ப்பார்வை பருந்து மாதிரி இருக்கிறது, வலப்பக்கம்தான் சுவர் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டு வருகிறது என்றார். லைசென்ஸ் போயிற்று. ரொட்டி வேன் வாரத்துக்கு மூன்று நாள் வரும், மற்றபடி ஒரு ஊசி வாங்கக்கூடப் பதினாலு கிலோமீட்டர் போக வேண்டிய சீமை இது. லைசென்ஸ் இல்லாதவள் இங்கே கால் இல்லாதவள்.

மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைத் திட்டினாள். நாலாவது வாரம் கொட்டகையிலிருந்து ஒரு பழைய சைக்கிளை எடுத்தாள். மெயின் ரோட்டில் ஏறிய ஐந்தாவது நிமிஷம், வலப்பக்கச் சந்திலிருந்து வெளியே வந்த ஒரு கார் அவள் கண்ணில் படவே இல்லை. முழங்கை உரசியபோதுதான் தெரிந்தது. ஊகெத் செந்தட்டிப் புதரில் கிடந்தாள். வேறு யாராக இருந்தாலும் சைக்கிளை விற்றிருப்பார்கள். இவள் உடம்பெல்லாம் தடித்துப்போய், சொறிந்துகொண்டே யோசித்தாள். கார் வருவது எனக்குத் தெரியாது. அப்படியானால் கார் வராத இடத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. மடக்கு நாற்காலி, ஒரு துண்டு உருளைக்கிழங்குப் பணியாரம், பின்னல் ஊசி, ஒரு நோட்டு. ஒரு சின்ன ரோட்டின் முனையில் போய் உட்காருவாள். அதுவும் சந்தை நாளாகப் பார்த்து. இரண்டு மணி நேரத்தில் மூன்று வண்டிக்கு மேல் வந்தால் அந்த ரோடு ஃபெயில். மூன்றோ அதற்குக் கீழோ என்றால் பாஸ், வரைபடத்தில் பச்சைக் கோடு. பாஸான ரோடுகளுக்கு எண் கிடையாது. அரசாங்கம் வைத்த எண்ணெல்லாம் அவளுக்குச் செல்லாது. 'தியெரி வாந்தியெடுத்த வளைவு', 'இரட்டைப் பிள்ளைகள் ஏறும் மேடு', 'எப்போதும் லேட்டாக வருகிறவன் பாலம்' என்று பஸ் பிள்ளைகளை வைத்தே பேர். தியெரி இப்போது நோட்டரி. மூக்குக் கண்ணாடியும் தொப்பையுமாக இருக்கிறார். வளைவுக்குப் பேர் மாறவில்லை.

நாலு வருஷம் இப்படி ஒட்டுப்போட்டுத் தைத்ததில், வெர்னியாக்கிலிருந்து ஏரிக்கரை வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர் கிடைத்தது. ஒரு மெயின் ரோட்டையும் மிதிக்காமல், செம்மண் நிற மாடுகள் வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்க்க, செஸ்ட்நட் மர நிழலில் போகும் வழி. பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கைக்குழந்தையைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். முட்டி மாற்றிய கிழங்கள் வந்தன. எல்லோரும் ஊகெத்தின் பச்சைக் கோட்டை நகலெடுத்துக்கொண்டு போனார்கள். அவள் யாரிடமும் நன்றிகூடக் கேட்கவில்லை, "நடு ரோட்டுல நின்னு போட்டோ எடுக்காதே" என்று மட்டும் திட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த பள்ளத்தாக்கில் கல்குவாரி திறந்தது. லாரிகளுக்கு ஒரு வழி வேண்டும். ஆற்றோர அகல ரோடு ஒன்று, மேட்டு ரோடு ஒன்று, இரண்டில் ஏதாவது ஒன்று. மேட்டு ரோடு என்பது ஊகெத்தின் வழிக்கு நடுமுதுகு. அவள் வீட்டு வாசலும் அதில்தான். அங்கே லாரி ஓடினால் அவள் சைக்கிளில் வாசலைத் தாண்ட முடியாது. மறுபடியும் ரேடியோவைத் திட்ட வேண்டியதுதான்.

மாவட்ட நிர்வாகத்திலிருந்து பெரெனிஸ் என்ற இளம் இன்ஜினியர் வந்தாள். "ஒரு வாரம் எண்ணுவோம்மா. ஒரு நாளைக்கு அம்பது வண்டிக்குக் கீழே இருந்தா இது சைக்கிள் வழி, லாரிக்குத் தடை. மேலே போனா லாரிக்குத்தான்" என்றாள். ரோட்டின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டு, எண்ணும் பெட்டியை டெலிபோன் கம்பத்தில் சங்கிலியால் பூட்டினாள்.

ஊகெத்துக்குச் சிரிப்பு வந்தது. அவள் நோட்டுப்படி அந்த ரோட்டில் நாளுக்குப் பதினொன்று, அதிகம் போனால் பன்னிரண்டு. நிம்மதியாக, கண் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்காக லிமோஜ் நகரத்துத் தங்கை வீட்டுக்கு ஆறு நாள் போய்விட்டாள். போகும்போது மேயர் ரெஜிஸிடம், "ரோட்டுல எண்றாங்க, எனக்கு ரொம்ப முக்கியம், ஊருக்குச் சொல்லிடு" என்றாள். ரெஜிஸ் அறிவிப்புப் பலகையில் எழுதினார்: 'மேட்டு ரோட்டில் வண்டி எண்ணுகிறார்கள். ஊகெத்துக்காக எல்லோரும் ஒத்துழைக்கவும்.'

வெர்னியாக்கில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்கள் காதில் போடாத வழக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தபோது இதே போல ரப்பர் குழாய் போட்டார்கள். வண்டி அதிகம் போகிற ரோட்டுக்குத்தான் தார் என்றார்கள். ஊரே கூடித் தேர் இழுக்கிற மாதிரி அந்தக் குழாய்மேல் வண்டி ஓட்டியது. போவார்கள், வருவார்கள், திரும்பவும் போவார்கள். தார் வந்தது. அன்றிலிருந்து ரோட்டில் கறுப்புக் குழாயைப் பார்த்தால் வெர்னியாக்காரன் கை தானாகச் சாவியைத் தேடும்.

ஆறாம் நாள் ஊகெத் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டுக்கு நடந்து வந்தாள். அவள் ரோட்டில் ஏழு கார் வரிசையாக நின்றன. அந்த மேட்டில் மனிதர் பார்த்த முதல் டிராஃபிக் ஜாம். வரிசையின் தலையில், டிராக்டரில், பக்கத்துப் பண்ணைக்கார மர்சியால், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.

"வந்துட்டியா ஊகெத்! பாரு, தொண்ணூத்தி மூணாவது ரவுண்டு!"

"என்னய்யா ரவுண்டு?"

"எண்றாங்கல்ல, உனக்காகத்தான். மாடு பால் கறக்க நேரமில்ல, பொண்டாட்டி திட்றா. இருக்கட்டும்னு ஓட்டிக்கிட்டே இருக்கேன்."

"அடப்பாவி மனுஷா... கம்மியா இருந்தாத்தான்யா எனக்கு ரோடு. அதிகமா இருந்தா லாரி."

மர்சியாலின் முகம், காற்று இறங்கிய டியூப் மாதிரி ஆயிற்று. பின்னாலிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. "என்னப்பா நிறுத்திட்டே? எனக்கு இன்னும் நாலு ரவுண்டு பாக்கி!"

ஊகெத் கையிலிருந்த துணிப்பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தாள். திட்டவில்லை. அதுதான் ஊருக்குப் பயமாக இருந்தது. மர்சியால் டிராக்டரை அங்கேயே நிறுத்தினான். பிறகு குழாயைத் தாண்டித்தான் வீடு என்று நினைவு வந்து, தொண்ணூற்று நாலாவது முறையாகத் தாண்டிப் போனான்.

திங்கட்கிழமை ஊர்மன்றத்தில் முடிவு. அதற்கு முன்னால் ரெஜிஸ் ஊகெத்தை ஓரமாக இழுத்தார்.

"ஊகெத், உண்மையைச் சொன்னா பழைய தார் விஷயமும் வெளிய வரும். அதையும் சுரண்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

"கோவமா?"

"கோவம்தான். அதுக்காக எனக்காக ஓட்டினவங்களையே நான் காட்டிக்கொடுக்கணுமா? போய் உக்காரு."

அவள் கடைசி வரிசையில், வலப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தாள். நாலு வருஷ நோட்டு மடியில் இருந்தது. திறக்கவில்லை. பெரெனிஸ் தாளைப் படித்தாள். "ஏழு நாளில் அறுநூத்திப் பன்னிரண்டு வண்டி. ஒரு நாளைக்கு எண்பத்தேழு. அம்பதுக்கு மேல. ஆகவே..."

"அதுல தொண்ணூத்தி நாலு நான்" என்றான் மர்சியால், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு எழுந்து.

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"சும்மாதான் போனேன். போயிட்டு வந்தேன். திரும்பவும் போனேன். மேஜைக்கு அடியில உதைக்காதே ரெஜிஸ், வலிக்குது. நீயும் பதினெட்டு தடவை போனே."

"பத்தொம்பது" என்றார் ரெஜிஸ், தரையைப் பார்த்து.

"நாங்க முப்பது!" என்று ஒரு குரல். "எங்க வீட்டுல இருபத்தாறு, ஆனா மாமியார் கணக்கு தனி!" என்று இன்னொன்று. அந்த ஊர் மாதா கோயில் இருநூறு வருஷத்தில் அவ்வளவு பாவமன்னிப்பைக் கேட்டிருக்காது. ஒருவர் ஆர்வக்கோளாறில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

பெரெனிஸ் பேனாவை மூடினாள். "மெஷின் வேகத்தையும் எழுதும், தெரியுமா? ஒரே டிராக்டர், மணிக்குப் பதினோரு கிலோமீட்டர், நாள் பூரா. வெள்ளிக்கிழமையே பார்த்தேன். ஆனா நானா அதை ரத்து பண்ண முடியாது. போனவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடி எண்ண முடியும்."

"அந்தப் பழைய தாரு?" என்றார் ரெஜிஸ் மெதுவாக.

"அந்தக் கோப்பை எழுதினவர் ரிட்டையர்டு ஆயிட்டார். தார் நல்லாத்தான் இருக்கு. அதுமேலதான் இந்த அம்மா சைக்கிள் ஓட்றாங்க."

முப்பத்தொரு கையெழுத்து விழுந்தது. மர்சியால் முதல் ஆள். ஊகெத்தின் முறை வந்தபோது, "நான் ஓட்டவே இல்லையே, எனக்கென்ன கையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"வழக்கம்போல இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு பெரெனிஸ் புதுக் குழாயைப் போட்டாள். ஆனால் வழக்கம் எது என்பது ஊருக்கே மறந்துபோயிருந்தது. முதல் நாள் ஒரு ஈ காக்கை நகரவில்லை. ரொட்டி வேன்காரர்கூட வேனைக் கீழேயே நிறுத்திவிட்டு, ரொட்டிகளை விறகு மாதிரி தோளில் சுமந்துகொண்டு மேடு ஏறினார். ஊகெத் வீடு வீடாகப் போய்க் கத்தினாள். "சைபர் வந்தா மெஷின் செத்துப்போச்சுன்னு நினைப்பாங்கடா! சந்தைக்குப் போ! மாமியாரைப் பார்க்கப் போ! யோவ், நீ ரொட்டியை வேன்ல கொண்டா!"

இந்த முறை நாளுக்குப் பத்து என்று வந்தது. குவாரிக்காரர்கள் ஆற்றோர ரோட்டை எடுத்துக்கொண்டார்கள். மேட்டு ரோட்டின் இரண்டு முனையிலும் லாரிப் படம் போட்ட சிவப்பு வட்டப் பலகை நின்றது.

பலகை நட்ட மறுநாள் காலை ஊகெத் கிளம்பினாள். பாதி மேட்டில் எதிரே மர்சியாலின் டிராக்டர், பின்னால் வைக்கோல் வண்டியோடு. அவளைக் கண்டதும் டிராக்டர் நின்றது. பிறகு முக்கி முனகி, வளைந்து நெளிந்து, முந்நூறு மீட்டர் பின்னாலேயே போய், அவனுடைய வயல் வாசலுக்குள் நுழைந்து ஒதுங்கியது.

"என்னய்யா பண்றே? தாராளமா இடம் இருக்கே!"

"பலகை போட்டிருக்காங்கல்ல."

"அது லாரிக்குய்யா. உனக்கில்ல."

"யாருக்குத் தெரியும், மறுபடி தப்பாப் புரிஞ்சுக்கிட்டா? நீ போ."

ஊகெத் ஒரு கையைத் தூக்கிவிட்டு, ரோட்டின் நட்ட நடுவில் மிதித்துக்கொண்டு போனாள். அவள் வளைவைத் தாண்டி மறையும்வரை மர்சியால் எஞ்சினைப் போடவில்லை.